பிறவிக் குணம் என்னும் தொடக்க இருப்பு

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-ஆம் ஆண்டு குழந்தை வளர்ச்சி மையம் தொடங்கப்பெற்றது. அதன் நிறுவன இயக்குநர் மருத்துவர் எம்.கே.சி. நாயரும் அவர்தம் குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஒற்றைத் தாள் ஒன்று, குழந்தை மருத்துவர்களிடையே இந்நகரின் பெயராலேயே வழங்கி வருகிறது. அதுவே ‘திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை’. பிறந்தது முதல் இரண்டு வயது வரை குழந்தை செய்யத் தொடங்கும் 17 செயல்கள் அதில் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பட்டை. அச்செயலைச் சில குழந்தைகள் தொடங்கும் வயதிலிருந்து ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் செய்துவிடும் வயது வரை அப்பட்டை நீள்கிறது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்கவேண்டும். பென்சிலுக்கு இடப்புறத்திலேயே முடிந்துவிட்ட பட்டைகளுள் ஏதேனும் ஒன்றைக் குழந்தை இன்னும் செய்யவில்லையெனில், மேல்பரிசோதனை தேவை என்பது பொருள். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய கணிப்பு இது.

அந்த 17 செயல்களுள் முதலாவதாக நிற்பது எது? தலை நிற்பதோ, கையால் பற்றுவதோ அன்று. எதிரே உள்ள முகத்தைப் பார்த்துச் சிரிப்பது.

குழந்தை எப்போது நடக்கும், எப்போது பேசும் என்று எல்லாப் பெற்றோரும் நாள் எண்ணிக் காத்திருக்கின்றனர். உணர்ச்சிகளுக்கும் அவ்வாறே ஒரு கால ஒழுங்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்சம், நாணம், பெருமிதம், பொறுமை ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் பருவத்தில் முளைப்பவை. அவற்றுக்கு அடியில், ஒவ்வொரு குழந்தையும் பிறக்கும்போதே கொண்டுவரும் சுபாவம் இருக்கிறது. இவ்விரண்டையும், இவை முதுமை வரை செல்லும் பாதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

நம் முன்னோர் இவ்வொழுங்கை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூல்கள், மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பத்துப் பருவங்களைக் குறிக்கின்றன. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்றே மாறுபடினும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணிப் பருவத்தில் குழந்தை கைகொட்டுகிறது. திருவனந்தபுரம் அட்டவணையிலும் கைகொட்டி விளையாடுதல் ஒரு செயலாக இடம்பெற்றிருக்கிறது. அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைச் சுட்டிக்காட்ட, குழந்தை அவள் விரலின் வழியே வானத்தைப் பார்க்கிறது. இருவர் ஒரே பொருளை ஒருங்கே நோக்கி அதனைப் பகிர்ந்துகொள்ளும் இத்திறனை இன்றைய உளவியல் மிக முக்கியமான மைல்கல்லாகக் கருதுகிறது. புலவர்கள் கவிதைக்காகக் குறித்தவற்றை மருத்துவர்கள் கணிப்புக்காகக் குறித்தனர். இருவரும் பார்த்தது ஒரே குழந்தையைத்தான்.

முதற் புன்னகைக்கு வருவோம். பிறந்த சில நாள்களில் உறக்கத்தில் தோன்றும் சிரிப்பு உடலின் தன்னியக்கம் மட்டுமே. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில் தோன்றுவது வேறு. அது ஒரு முகத்துக்குத் தரும் மறுமொழி. அம்மறுமொழிக்கு மறுமொழி கிட்டாவிடில் என்ன ஆகும் என்பதை 1970-களில் அமெரிக்க உளவியலார் எட்வர்ட் டிரோனிக் எளியதொரு சோதனையால் காட்டினார். தாய் வழக்கம்போல் கொஞ்சிக்கொண்டிருந்துவிட்டுச் சில நிமிடங்கள் முகத்தை எவ்வித உணர்ச்சியுமின்றி வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. எதற்கும் பலனில்லை எனக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. பேறுகாலத்துக்குப் பிந்திய மனச்சோர்வை வீட்டார் ‘சோம்பல்’ என்று ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இச்சோதனை ஒரு காரணம் தருகிறது. அது நோய், மருத்துவத்தால் தீரக்கூடியது, அதனால் வாடுவது இருவர். (கைப்பேசித் திரையில் ஆழ்ந்திருக்கும் முகமும் குழந்தைக்கு அசைவற்ற முகம்தான் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.)

விமான நிலையத்திலிருந்து வந்த தந்தை

ஏழு, எட்டு மாத அளவில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை, பழகாத முகத்தைக் கண்டால் வீறிட்டழுகிறது. கேரளத்திலும் நாஞ்சில் நாட்டிலும் இம்மாற்றம் பல குடும்பங்களில் ஒரு வேதனையைத் தந்து வந்திருக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கே.சி. சக்கரியா, எஸ். இருதயராஜன் உள்ளிட்டோர் 1998-இல் நடத்திய கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு, 13.6 லட்சம் கேரளத்தவர் வெளிநாடுகளில் வாழ்வதாகக் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் இருந்தனர். மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பும் தந்தை, குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் விடுப்பில் வருகிறார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளையும் நீட்டுகிறார். குழந்தை அலறிக்கொண்டு பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. ‘என் பிள்ளைக்கே நான் அந்நியன்’ என்று மனம் நொந்த தந்தையர் எத்தனை பேர்!

உண்மையில் அவ்வழுகை குழந்தையின் வளர்ச்சிக்குச் சான்று. அறிந்த முகங்களை நினைவில் நிறுத்தி, புதிய முகத்தை அவற்றோடு ஒப்பிட்டு, ‘இது அதுவன்று’ என்று முடிவு செய்யும் அளவுக்கு அதன் மூளை வளர்ந்திருக்கிறது. ஆகவே உடனே தூக்க முயலாமல் சற்றுத் தள்ளி அமர்வதும், குழந்தை நெருங்கி வரும்வரை காத்திருப்பதும் நன்று. அதனினும் நன்று, தாயும் பாட்டியும் தந்தையோடு மகிழ்ந்து பேசுவதைக் குழந்தை பார்ப்பது. புதியது எதையேனும் கண்டால் குழந்தை தனக்கு வேண்டியவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, அதில் தெரியும் குறிப்பைக் கொண்டே முடிவெடுக்கிறது. 1985-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வொன்றில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையொன்றின் மீது தவழவிட்டனர். பாதிக்கு அப்பால் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோல் தோன்றும். மறுபுறம் நின்ற தாய் புன்னகைத்தபோது 19 குழந்தைகளுள் 14 துணிந்து கடந்தன. தாயின் முகத்தில் அச்சம் தெரிந்தபோது 17 குழந்தைகளுள் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

இக்காலத் தந்தையருக்குக் காணொளி அழைப்பு என்னும் வசதி உண்டு. மிகச் சிறு குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று கூறும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் குடும்பத்தாரோடு பேசும் காணொளி அழைப்பை 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் விலக்காக அனுமதித்தது.

வேலைக்குச் செல்லும் தாய்மார்க்கும் இப்பருவக் கணக்கு பயன்படும். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பின், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம். பேற்றுக்குப் பின் விடுப்பின் பெரும்பகுதியை எடுப்பவர் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். அந்நியர் அச்சம் அரும்புவதற்குச் சற்று முந்தைய காலம் அது. பார்த்துக்கொள்ளவிருக்கும் பாட்டியையோ ஆயாவையோ அதற்குள் பழக்கிவிட்டால் எட்டாம் மாதத்துக் கண்ணீர் பெரிதும் குறையும். கடைசி நாள்வரை காத்திருப்பதில் நன்மையில்லை.

எளிய குழந்தை, கடினக் குழந்தை

இதுவரை கூறியது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பாதை. ஆயினும் ஒரே வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவன் நடையன், ஒருத்தி நடுக்கத்தாள் என்பது ஒவ்வொரு வீட்டிலும் காணும் செய்தி. இதனை முறையாக ஆராய்ந்தவர்கள் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மனநல மருத்துவத் தம்பதியர். 1956-இல் நியூயார்க்கில் தொடங்கி, 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவராகும் வரை தொடர்ந்து கவனித்தனர். பசியும் உறக்கமும் ஒழுங்காக வருகின்றனவா, புதியதை நெருங்குகிறதா விலகுகிறதா, மாற்றத்துக்கு எவ்வளவு விரைவில் இணங்குகிறது, அழுகையும் சிரிப்பும் எவ்வளவு வலியவை என்பன போன்ற ஒன்பது கூறுகளை வகுத்தனர். அவற்றைக் கொண்டு ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குழந்தைகள் எளிய சுபாவத்தினர், 10 விழுக்காட்டினர் கடினச் சுபாவத்தினர், 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுவோர் என்றனர். எஞ்சியோர் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. இப்பணியை அடியொற்றி, நம் நாட்டுக் குழந்தைகளுக்கென ஓர் அளவுகோலைச் சண்டிகரில் சவிதா மல்ஹோத்ராவும் அனில் மல்ஹோத்ராவும் 1980-களில் உருவாக்கினர்.

தாமஸ், செஸ் இருவரும் விட்டுச்சென்ற கருத்துகளுள் மிக உயர்ந்தது ‘பொருத்தம்’ என்பதே என நாம் கருதுகிறோம். எந்தச் சுபாவமும் தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று. அது வாழும் சூழலோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. இதற்கு நெஞ்சை உலுக்கும் சான்றொன்று கென்யாவிலிருந்து கிடைத்தது. மார்ட்டன் டி விரீஸ் என்னும் ஆய்வாளர் மசாய் மக்களிடையே எளிய குழந்தைகளையும் கடினக் குழந்தைகளையும் இனங்கண்டு வைத்திருந்தார். 1970-களின் கடும் பஞ்சத்துக்குப் பின் மீண்டும் தேடிச் சென்றபோது, கண்டறிய முடிந்த எளிய குழந்தைகள் 7 பேரில் 5 பேர் இறந்திருந்தனர். கடினக் குழந்தைகள் 6 பேரில் இறந்தது ஒன்றுதான். ஓயாமல் வீறிட்டழும் பிள்ளைக்குப் பால் கிடைத்தது. சமர்த்தாகக் கிடந்த பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. எண்ணிக்கை மிகச் சிறியது. இதைக் கொண்டு பொது விதி வகுக்கலாகாது. எனினும் ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்று நம் வீடுகளில் விளையாட்டாகச் சொல்வதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

சுபாவத்தில் பிறப்பின் பங்கு எவ்வளவு? இரட்டையர் ஆய்வுகள் தரும் மதிப்பீடு 20 முதல் 60 விழுக்காடு வரை பரந்து கிடக்கிறது. அதாவது மரபுக்குப் பங்குண்டு. முழு உரிமை இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். நான்கு மாதக் குழந்தைகளின் முன் ஆடும் பொம்மைகள், பழகாத குரல்கள், புதிய மணம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால் உதைத்து அழுதன. ஏறத்தாழ 40 விழுக்காடு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. துடித்தழுத குழந்தைகளுள் பலர் பின்னாளில் கூச்சம் மிக்கவராயினர். ஆயினும் எல்லாரும் அவ்வாறு ஆகவில்லை. 2003-இல் வெளிவந்த ஒரு தொடர் ஆய்வு, இரண்டு வயதில் கூச்சம் மிக்கவராயிருந்தோரை ஏறத்தாழ 22 வயதில் மூளைப்படம் எடுத்துப் பார்த்தது. அறியாத முகங்களைக் கண்டபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி அவர்களிடம் மற்றவரைவிட மிகுதியாகக் கிளர்ந்தது. நடத்தை மாறிவிட்டவர்களிடத்தும் உள்ளே அந்த முதல் அதிர்வு எஞ்சியிருக்கலாம். மேடையில் தடுமாறாமல் பேசும் ஒருவர் மேடையேறுமுன் கை குளிர்ந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம் அன்றோ?

வங்கி மொழியில் சொல்வதானால், சுபாவம் என்பது கணக்கின் தொடக்க இருப்பு. அதை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்தடுத்த வரவும் செலவும் நம்மைப் பொறுத்தவை. கூச்சமுள்ள பிள்ளையை உறவினர் நடுவே நிறுத்திப் ‘பாடு, பாடு’ என வற்புறுத்துவது ஒருவகைச் செலவு. அவன் அஞ்சுகிறான் என்பதற்காக எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைப்பதும் செலவே. முன்கூட்டிச் சொல்லி, துணை நின்று, சிறுசிறு படிகளாகப் புதியவற்றோடு பழக்குவது வரவு. ‘அழுமூஞ்சி’, ‘முரடன்’ என்று மூன்று வயதில் சூட்டும் பெயர்கள் முப்பது வயதிலும் காதில் ஒலிக்கும் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

காத்திருக்கும் குழந்தை

ஒன்றரை வயதளவில் கண்ணாடியில் தெரிவது தானே என்று குழந்தை அறிகிறது. ‘நான்’ பிறந்த பிறகே நாணமும் பெருமிதமும் குற்றவுணர்வும் பிறக்கின்றன. இரண்டு வயதின் பிடிவாதத்துக்கும் இதுவே வேர். ஆசை பெரிது, சொல் சிறிது. ‘கோபமாயிருக்கிறாயா? பொம்மை உடைந்துவிட்டதே என்று வருத்தமா?’ என உணர்ச்சிக்குப் பெயர் சொல்லித் தரும் வீட்டில் பிள்ளை மெல்ல மெல்லக் கையால் அடிப்பதை விட்டு வாயால் சொல்லக் கற்கிறது.

மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பொறுமை முளைக்கிறது. சேமிப்பைப் பற்றியே நாள்தோறும் பேசும் நமக்கு இது மிகவும் வேண்டிய இடம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் 1960-களின் இறுதியில் தொடங்கிய சோதனை பலரும் அறிந்தது. தட்டில் ஒரு மிட்டாய், உடனே தின்னலாம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் சிறந்தனர் என்று உலகெங்கும் பேசப்பட்டது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு செய்த மறு ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அத்தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. இதற்கு விளக்கம் தரும் மற்றோர் ஆய்வு 2013-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 28 குழந்தைகள். மிட்டாயை வைக்குமுன், ‘நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருகிறேன், பொறு’ என்று சொல்லிச் சென்ற ஆய்வாளர், பாதிப் பேரிடம் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு நடந்த மிட்டாய்ச் சோதனையில், வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் காத்திருந்தது மூன்று நிமிடம். சொன்ன சொல் நிறைவேறாத இடத்தில் காத்திருப்பது அறிவுடைமையன்று என்பதை அக்குழந்தைகள் சரியாகவே கணித்தனர்! உண்டியல் வாங்கித் தரும் பெற்றோர், அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்த பணத்தைத் திருப்பி வைக்கிறார்களா என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

தன்னடக்கத்தின் நெடுநாள் விளைவை மிக விரிவாகக் காட்டியது நியூசிலாந்தின் டனீடின் நகரம். 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அங்கே பிறந்தவர்களில் 1,037 பேரை ஆய்வாளர்கள் இன்றுவரை தொடர்கின்றனர். டெர்ரி மொஃபிட்டும் அவர்தம் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, முதற் பத்தாண்டில் தன்னடக்கம் குறைந்திருந்த பிள்ளைகளுக்கு 32 வயதில் உடல்நலக் குறைவுகளும் பணத்தட்டுப்பாடும் கடன் தொல்லையும் மிகுந்திருந்தன, சேமிப்புக் குறைந்திருந்தது. குடும்பத்தின் செல்வநிலையையும் பிள்ளையின் நுண்ணறிவையும் கழித்துப் பார்த்தபோதும் இவ்வேறுபாடு நின்றது. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றும் கூறியது. வளரும் பருவத்தில் தன்னடக்கம் மேம்பட்டவர்கள், அவர்களின் குழந்தைப் பருவ மதிப்பெண் முன்னறிவித்ததைவிட நன்றாக வாழ்ந்தனர். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்னும் பழமொழியில் பாதி உண்மையே உள்ளது.

பதின்பருவத்தை எண்ணிப் பெற்றோர் அஞ்சுகின்றனர். இன்பத்தை நாடும் மூளைப்பகுதிகள் முன்னதாக விழித்துக்கொள்கின்றன. முன்பின் எண்ணிப் பார்க்கும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முதிர்ச்சியடைகிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டைத் தனியே ஆடியபோதைவிட நண்பர்கள் அருகில் இருந்தபோது 13 முதல் 16 வயதினர் மிகுதியாகத் துணிந்தனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ‘தனியே இருக்கும்போது நல்ல பிள்ளைதான்’ என்று தாய்மார் சொல்வது வெறும் பாசமன்று. இருசக்கர வண்டியின் சாவியானாலும், கைப்பேசிப் பணப் பரிவர்த்தனையானாலும், அறிவுரையினும் வரம்பு நிர்ணயிப்பதே இவ்வயதில் பயன் தரும்.

முதிர்ந்தோர் மாறுவதில்லை என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 92 தொடர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, பொறுப்புணர்வும் மனநிதானமும் குறிப்பாக இருபது முதல் நாற்பது வயது வரை வளர்வதைக் கண்டது. வேலை, திருமணம், பிள்ளைப்பேறு என்னும் பொறுப்புகள் மனிதரைப் பதப்படுத்துகின்றன போலும். அறுபதைக் கடந்தோர் இளையோரைவிடக் குறைவாகவே எதிர்மறை உணர்ச்சிகளுக்கு ஆட்படுகின்றனர் என்பதும் பல ஆய்வுகளில் கண்டது. தங்கள் பிள்ளைகளிடம் காட்டாத பொறுமையைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டுவது ஏனென்று கேட்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் இது விடையாகலாம்.

திருவனந்தபுரத்துக்கே திரும்புவோம். குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறந்து, ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் குழந்தைகளின் வளர்ச்சி பின்தங்கும் வாய்ப்பு மிகுதி. அப்பிரிவிலிருந்து சென்ற 800 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் தாய்மார்க்கு மட்டும் வீட்டிலேயே செய்யக்கூடிய தூண்டற் பயிற்சியைக் குழந்தை வளர்ச்சி மையம் கற்பித்தது. பேசுதல், தொடுதல், காட்டுதல், கேட்கச் செய்தல் ஆகியவற்றை ஒழுங்காகச் செய்வதே அப்பயிற்சி. 2009-இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்ற குழந்தைகள் ஓராண்டு நிறைவில் மனவளர்ச்சி அளவையில் 5.8 புள்ளியும், ஈராண்டு நிறைவில் 2.8 புள்ளியும் மற்றவரை விஞ்சி நின்றனர். பயிற்சியை அளித்தவர் தாய், பயிற்சிக்கூடம் வீடு.

மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காத குழந்தை, ஓராண்டு ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒருமுறை கற்ற சொல்லையும் சிரிப்பையும் இழக்கும் குழந்தை ஆகியோரை ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவைக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனையும், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் தொடர் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. அங்கன்வாடி அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனை வழியே அங்குச் செல்லலாம். பெரியவர்களின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும், பேறுகாலத்துக்குப் பிந்திய சோர்வு உட்பட, 14416 என்னும் ‘டெலி மானஸ்’ இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் ஆலோசனை பெறலாம்.